வேப்பேரிச் சபை ஏன் இரண்டானது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் முன்னோர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றது சென்னை வேப்பேரி மிஷன் கோயிலில். அவருடைய கூடப்பிறந்த தம்பியின் பிள்ளைகள் எல்லாருக்கும் ஞானஸ்நானமும் கல்யாணமும் புரசைவாக்கம் லுத்தரன் கோயிலில். இரண்டும் அடுத்தடுத்த பேட்டைகள், நடந்தே போய்விடலாம். அப்படியிருக்க ஒரே குடும்பத்துக்கு எதற்கு இரண்டு சபை? வீட்டில் ஒரு பெரியவர், "வேதபுத்தகத்தை மாற்றினார்கள், அதனால் வெளியே வந்தோம்" என்கிறாராம். இன்னொருவர், "நாம் ஆதியிலிருந்தே லுத்தரன்கள், நடுவில் வந்து ஆங்கிலிக்கனாக்கப் பார்த்தார்கள்" என்கிறாராம். (லுத்தரன் என்பது ஜெர்மனியின் மார்ட்டின் லுத்தர் வழிவந்த சபை, ஆங்கிலிக்கன் என்பது இங்கிலாந்து சபை.) மூன்றாமவர், "எல்லாம் சாதிதான், வேறொன்றும் இல்லை" என்று முடித்துவிடுகிறாராம். எது உண்மை?

மூவர் சொல்வதும் நடந்ததுதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது. மொழிபெயர்ப்பும் பாட்டும் பழைய லுத்தரன் முறைமையும் உண்மையான மனக்குறைகள். அவற்றைப் பொய்க்காரணம் என்று தள்ளுவது நியாயமில்லை. ஆனால் சபையை உடைத்தது திருவிருந்தில், அதாவது கோயிலில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கில், யார் பக்கத்தில் யார் நிற்பது என்ற கேள்விதான். அப்புறம், இந்தக் கதையை யார் சொன்னாலும் போனவர்களைப் பற்றியும் வெள்ளைக்கார ஐயர்மார்களை, அதாவது மிஷனரிகளைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். போகாமல் அங்கேயே இருந்தவர்களும் சபைதான். அவர்களைச் சேர்க்காமல் சொன்னால் இந்தக் கதை பாதிதான்.

அந்த இடத்தின் வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் வேப்பேரிக் கோயில் பிறந்ததே ஒரு சபையிடமிருந்து இன்னொரு சபைக்குக் கைமாறித்தான். கோஜா பெட்ரஸ் ஊஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர், அடையாற்றின் மேல் 1726இல் மர்மலாங் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்குப் படிகள் அமைத்தவர், வேப்பேரியில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டியிருந்தார். அது கத்தோலிக்கக் கோயில். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள், 1749இல் உடன்படிக்கையின்படி திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கத்தோலிக்கக் குருமார் மேல் சந்தேகம்: பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணைபோனவர்கள் என்று. கத்தோலிக்கக் கோயில்கள் பறிக்கப்பட்டன. ஊஸ்கான் 1751இல் இறந்தார். 1752இல் அவருடைய வேப்பேரி ஆலயம் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபை மிஷனரிகள் கைக்குப் போனது. அவருடைய கல்லறை இன்றும் தூய மத்தியா ஆலய வளாகத்தில்தான் இருக்கிறது. தான் எந்த வழிபாட்டுக்காகக் கட்டினாரோ அந்த வழிபாடு நின்றுபோன இடத்தில் அவர் அடக்கமாகியிருக்கிறார். வேப்பேரியில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் கத்தோலிக்கர்கள் என்பதைப் பிறகு வந்த சண்டைகளைப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

அதைப் பெற்றுக்கொண்ட சபை அதற்கும் முந்தியது. தரங்கம்பாடியில் இருந்து பெஞ்சமின் ஷுல்ட்சே 1726இல் சென்னைக்கு வந்து கறுப்பர் நகரத்தில் தொடங்கிய சபை அது. அவருக்குப் பின் 1742இல் வந்தவர் யோகான் பிலிப் பேப்ரிசியஸ். பிரெஞ்சுப் படையெடுப்பின்போது பழவேற்காட்டுக்கு ஓடி, திரும்பிவந்து, வேப்பேரியில் குடியேறி, 1791இல் இறக்கும்வரை ஏறக்குறைய அரை நூற்றாண்டு இந்த ஊரிலேயே இருந்தார். 1761இல் பாண்டிச்சேரி விழுந்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட அச்சுக்கூடம் அவரிடம்தான் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சகத்தின் தொடக்கம் அது. 1779இல் அவருடைய தமிழ் அகராதி அங்கே அச்சானது. புதிய ஏற்பாடு 1772இல் வந்தது, பழைய ஏற்பாடும் அந்த நூற்றாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளை அவர் தமிழில் தந்ததை லுத்தரன் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். கடைசிக் காலத்தில் மிஷன் பணத்தைக் கடனாகக் கொடுத்து ஏமாந்து, கடன்காரர்களால் சிறைக்கும் போனார் மனிதர். அவர் மேல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இருந்த பற்று அதனால் குறையவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பேப்ரிசியசும் அவருக்குப் பின் வந்த கெரிக்கேயும் ராட்லரும் லுத்தரன்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தது எஸ்.பி.சி.கே. என்ற இங்கிலாந்துச் சங்கம், அதாவது ஆங்கிலிக்கன் பணம். எழுபது எண்பது வருடம் இப்படியே ஓடியது. பணம் லண்டனிலிருந்து, ஐயர்கள் ஜெர்மனியிலிருந்து, ஞானோபதேசம் லுத்தருடையது. யாருக்கும் இது பிரச்சினையாகத் தோன்றவில்லை. "நாம் ஆதியிலேயே லுத்தரன்கள்" என்று உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. 1820களின் நடுவில் எஸ்.பி.சி.கே. தன் தென்னிந்திய மிஷன்களை எஸ்.பி.ஜி. என்ற இன்னொரு ஆங்கிலிக்கன் சங்கத்திடம் ஒப்படைத்தது. அதிலிருந்துதான் ஆங்கிலிக்கன் ஒழுங்கு, பேராயர் கையால் குருப்பட்டம், பொது ஜெபப்புத்தகம் எல்லாம் கட்டாயமாக உள்ளே வந்தன. அந்த ஜெபப்புத்தகத்தைத் தமிழாக்கியதே லுத்தரனான ராட்லர்தான். தாவரவியல் அறிஞர், தமிழ் அகராதி தொகுத்தவர், 1836இல் தள்ளாத வயதில் வேப்பேரியிலேயே இறந்தவர்.

சரி, சபையில் இருந்தவர்கள் யார்? வேளாளர் குடும்பங்கள் இருந்தன. பறையர் குடும்பங்கள் கணிசமாக இருந்தன. போர்ச்சுகீசு பேசிய கலப்பினத்தவர் இருந்தார்கள், அவர்களுக்குத் தனியாக அந்த மொழியில் ஆராதனை நடந்தது. இவர்கள் எல்லாம் ஒரே மிஷனின் மக்கள், ஆனால் ஒன்றாகக் கலந்து உட்கார்ந்தவர்கள் அல்ல. தரங்கம்பாடி, தஞ்சாவூர் சபைகளில் என்ன வழக்கமோ அதுதான் இங்கும். வேளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம். திருவிருந்தில் ஒரு சாரார் வாங்கி முடித்த பிறகு மற்றவர்.

பழைய மிஷனரிகள் இதை ஏற்றுக்கொண்டார்களா, பொறுத்துக்கொண்டார்களா என்று கேட்டால், பொறுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அவர்களுடைய சொந்தப் பதில். காலப்போக்கில் சுவிசேஷம் கரைத்துவிடும் என்று நம்பினார்கள். அந்தப் பொறுமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு பெயர் சொன்னால் போதும்: ராஜநாயக்கன். தஞ்சாவூர்ப் பகுதியில் படைவீரராக இருந்தவர், பறையர், அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷத்தைத் தானே வாசித்து தரங்கம்பாடிச் சபைக்கு வந்தவர், ஊர் ஊராக நடந்த உபதேசியார். 1733இல் ஆரோன் என்ற வேளாளருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. 1741இல் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும்போது ராஜநாயக்கன் பெயர் வந்தது. தகுதி பற்றி யாருக்கும் கேள்வியில்லை. அவர் கையிலிருந்து வேளாளர் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற ஒரே காரணத்தால் பட்டம் இன்னொருவருக்குப் போனது. அவர் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார். வேப்பேரியில் நூறு வருடம் கழித்து வெடித்தது இந்தக் கணக்குதான்.

இப்போது 19ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். 1814இல் ரேனியஸ் என்ற ஜெர்மன் மிஷனரி சென்னைக்கு வருகிறார். பேப்ரிசியசின் வேத மொழிபெயர்ப்பைத் திருத்தத் தொடங்கியவர் இவர்தான். 1820களில் வேப்பேரியில் ஹவுப்ரோ என்ற டேனிஷ்காரர் இருக்கிறார். இவர்கள் புதிய தலைமுறை. பழையவர்களுக்கு இருந்த பொறுமை இவர்களிடம் இல்லை. அதே பத்தாண்டில் வேப்பேரியில் கோதிக் பாணியில் புதிய பெரிய கோயிலும் எழுகிறது. இன்று நாம் பார்க்கும் தூய மத்தியா ஆலயம் அதுதான். புதுக் கோயில் என்றால் யார் எங்கே உட்காருவது என்பதையும் புதிதாகத் தீர்மானித்தாக வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

புதிய மிஷனரிகள் மேல் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இருந்த குறைகளை மிகத் தெளிவாக எழுதிவைத்தவர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். தஞ்சாவூர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர், சரபோஜி மன்னரோடு ஒன்றாகப் படித்தவர், சுவிசேஷக் கவிராயர் என்று பெயர் பெற்றவர். புதிய மிஷனரிகள் இழைக்கும் கொடுமைகள் என்று நான்கை 1829இல் அவர் எடுத்து வைத்தார்: பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளை ஒன்றாகக் கலக்கச்சொல்லிக் கட்டாயப்படுத்துவது, பண்டிகையிலும் கல்யாணம் சாவிலும் பூவைத் தடுப்பது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் கோயிலிலிருந்து நீக்குவது. எழுதியது தஞ்சாவூரிலிருந்து என்றாலும் வேப்பேரியில் முணுமுணுத்ததும் இதே நான்கைத்தான்.

மொழிபெயர்ப்புக் குறையை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். பேப்ரிசியசின் தமிழ் மூலத்தை ஒட்டிப்போகும் தமிழ், சில இடங்களில் கரடுமுரடுதான். ஆனால் இரண்டு தலைமுறை அதைக் கேட்டு வளர்ந்திருந்தது. சாகும் தறுவாயில் அப்பாவுக்கு வாசித்த வசனம், கல்யாணத்தில் கேட்ட வசனம், பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்த வசனம் எல்லாம் அந்தத் தமிழ். ரேனியசின் தமிழ் சரளமானது, வாசிக்க எளிது. ஆனாலும் நேற்று வந்த ஒருவர் வேதத்தையே திருத்தி எழுதுகிறார் என்று பார்த்தவர்களுக்கு வலித்திருக்கும். கடைசியில் ரேனியசுடைய மொழிபெயர்ப்பும் நிலைக்கவில்லை. 1871இல் பவர் ஐயர் தலைமையில் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்புதான் பெரும்பாலான சபைகளுக்குப் பொதுவானது. லுத்தரன்கள் பேப்ரிசியசை அதற்குப் பிறகும் நெடுங்காலம் விடவில்லை.

பாட்டு விஷயத்தில் முழுக்க முழுக்க சாஸ்திரியார் பக்கம்தான் நியாயம். கர்நாடக ராகத்தில் கீர்த்தனை பாடுவது அஞ்ஞானம், ஜெர்மன் மெட்டில் பாடினால் பக்தி என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்களே, அது வெறும் அறியாமை. அவருடைய கீர்த்தனைகளை இன்று தமிழ்ச் சீர்திருத்த சபைகள் எல்லாம் பாடுகின்றன. பூவும் அப்படித்தான். பூ இல்லாத தமிழ்க் கல்யாணத்தை யார் ஒத்துக்கொள்வார்கள்?

ஆனால் அந்த நான்கில் இரண்டாவது குறை வேறு ரகத்தைச் சேர்ந்தது. மற்ற மூன்றும் தமிழ்ச் சபை முழுவதற்கும் நேர்ந்த இழப்பு. வேதமும் பாட்டும் பூவும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் சொந்தம். இரண்டாவது மட்டும் சபையில் ஒரு பகுதியினருக்கு எதிராக இன்னொரு பகுதியினர் வைத்த குறை. நான்கையும் ஒரே பட்டியலில் வைத்ததால், சாதியைக் காப்பாற்றுவதும் தமிழ்ப் பண்பாட்டைக் காப்பாற்றுவதும் ஒன்றுதான் என்ற தோற்றம் வந்துவிட்டது. இரண்டு நூற்றாண்டாக அந்தத் தோற்றம் கலையவில்லை.

வேளாளர் கிறிஸ்தவர்களின் வாதத்தையும் சொல்லவேண்டும், அது ஒன்றும் முட்டாள்தனமான வாதம் அல்ல. சாதி மார்க்கத்தைச் சேர்ந்தது அல்ல, நாட்டு வழக்கம். உடை, உணவு, பெண் கொடுத்து வாங்குவது மாதிரி உலக ஒழுங்கு. இரட்சிப்பில் எல்லாரும் ஒன்று, வெளி ஒழுங்கில் வேறு வேறு என்றார்கள். வெள்ளைக்காரர்களைப் பார்த்துத் திருப்பியும் கேட்டார்கள்: உங்கள் துரைமார் தங்கள் வேலைக்காரரோடு ஒரே மேசையில் சாப்பிடுகிறார்களா? எங்களைத் தங்கள் வீட்டு விருந்துக்குக் கூப்பிடுகிறார்களா? இந்தக் கேள்விக்கு எந்த மிஷனரியிடமும் நேர்மையான பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. சென்னையில் ஐரோப்பியர் வீடுகளில் சமையல், குதிரைலாயம், ஆயா வேலை எல்லாவற்றிலும் பறையர்தான் அதிகம் இருந்தார்கள். மாட்டிறைச்சி, சாராயம், துரைமார் வீட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் அவர்களோடு சேர்த்துப் பேசுவது வேளாளருக்கு எளிதாக இருந்தது. மிஷனரிகள் பறையர் பக்கம் சாய்வது அவர்கள் தங்களுக்கு ஊழியம் செய்கிறவர்கள் என்பதால்தான் என்றுகூடச் சொன்னார்கள்.

வாதம் கூர்மையானதுதான். ஆனால் துரைமார் செய்வது தவறு என்பதால் நாம் செய்வது சரியாகிவிடாது. மேசை விருந்து வேறு, திருவிருந்து வேறு. அப்பமும் பாத்திரமும் எல்லாருக்கும் ஒன்று என்று சொல்லிக்கொண்டே, ஒருவன் வாய்வைத்த பாத்திரத்தில் நான் வாய்வைக்கமாட்டேன் என்பதற்கு லுத்தர் எழுதியதிலும் இடமில்லை, பவுல் எழுதியதிலும் இடமில்லை.

1826இல் கல்கத்தா பேராயர் ஹீபர் சென்னை வந்தபோது இந்தச் சண்டை அவர் முன் வைக்கப்பட்டது. அவர் வேளாளர் சொல்வதைக் கொஞ்சம் அனுதாபத்தோடு கேட்டார், விசாரிக்க ஏற்பாடும் செய்தார். ஆனால் அதே வருடம் ஏப்ரலில் திருச்சியில் இறந்துபோனார். பின்னால் அந்த இருக்கைக்கு வந்த டேனியல் வில்சன் வேறு மாதிரி ஆள். 1833 ஜூலையில் அவர் அனுப்பிய சுற்றறிக்கையின் சாரம் ஒரே வரி: சாதி வேற்றுமை தீர்மானமாகவும் உடனடியாகவும் முடிவாகவும் கைவிடப்படவேண்டும். சென்னைக்கென்று தனிப் பேராயர் வந்தது 1835இல்தான். அதனால் வேப்பேரிக்காரர்களுக்கு இது கல்கத்தாவிலிருந்து, தங்களை அறியாத ஒருவரிடமிருந்து வந்த உத்தரவு.

அந்த உத்தரவு வாசிக்கப்பட்ட பிறகுதான் சபை பிளந்தது. வேப்பேரி, தஞ்சாவூர், திருச்சி எங்கும் வேளாளர் குடும்பங்கள் திருவிருந்துக்கு வருவதை நிறுத்தின. பிறகு ஆராதனைக்கே வருவதை நிறுத்தின. உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் வேலையைவிட்டுப் போனார்கள். சிலர் கொஞ்ச காலத்தில் திரும்பினார்கள். பலர் திரும்பவில்லை.

உங்கள் கேள்விக்கு விடை இந்த வரிசையில்தான் இருக்கிறது. ரேனியஸ் மொழிபெயர்ப்பைத் தொட்டது 1810களில். ஜெபப்புத்தகம் தமிழில் வந்ததும் அதையொட்டித்தான். மிஷன் ஆங்கிலிக்கன் கைக்குப் போனது 1820களின் நடுவில். இதற்கெல்லாம் மக்கள் மனு எழுதினார்கள், புலம்பினார்கள், சண்டை போட்டார்கள், ஆனால் கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். கூட்டமாக வெளியேறியது சாதியைக் கைவிடச் சொன்ன 1833க்குப் பிறகு. வெளியேறியவர்களும் பெரும்பாலும் ஒரே பக்கத்துக் குடும்பங்கள். மொழிபெயர்ப்புதான் காரணம் என்றால் பறையர் குடும்பங்களும் சேர்ந்துதானே போயிருக்கவேண்டும்? அவர்களும் அதே பேப்ரிசியஸ் தமிழில் வளர்ந்தவர்கள்தானே?

ஆங்கிலிக்கனா லுத்தரனா என்பதுதான் உண்மையான சண்டையாக இருந்தால் அது எப்படி இருக்கும் என்பதைத் திருநெல்வேலியில் பார்க்கலாம். ரேனியஸ் அங்கே 1835இல் இங்கிலாந்து சபை ஒழுங்கை விமர்சித்து எழுதியதற்காக சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் சங்கத்தால் விலக்கப்பட்டார். அவரோடு உபதேசியார்களும் சபைகளும் திரண்டு பிரிந்தார்கள். 1838இல் அவர் இறக்கும்வரை அந்தப் பிளவு நீடித்தது. அங்கே பிரச்சினை குருப்பட்டமும் சபை ஒழுங்கும். சாதி விஷயத்தில் ரேனியஸ் கறாரானவர். அதாவது ஒழுங்குக்காகப் பிரிகிறவர்கள் சாதியைத் தூக்கிக்கொண்டுதான் பிரியவேண்டும் என்று இல்லை. வேப்பேரியில் அதையும் தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

போனவர்கள் உடனே புரசைவாக்கத்துக்குப் போய்விடவில்லை. நடுவில் சில வருடங்கள் தங்களுக்குள்ளேயே ஜெபம் நடத்திக்கொண்டு, எந்தச் சபையும் இல்லாமல் இருந்தார்கள். 1840இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகர லுத்தரன் மிஷன் சங்கத்தின் சார்பில் ஹைன்ரிக் கோர்டஸ் தரங்கம்பாடிக்கு வந்தார். அந்தச் சங்கம்தான் 1848இல் லைப்சிக் நகருக்கு மாறி லைப்சிக் மிஷன் ஆனது. ஜெர்மானிய லுத்தரன் ஐயர் திரும்பவும் வந்திருக்கிறார் என்ற செய்தி பழைய சபைகளுக்குப் பரவியது. பேப்ரிசியஸ் வேதம், பேப்ரிசியஸ் பாட்டு, லுத்தரின் ஞானோபதேசம், கூடவே சாதி வழக்கத்தைக் கட்டாயமாக அறுக்கச் சொல்லாத மிஷன். சென்னையில் இருந்தவர்கள் 1840களின் கடைசியில் அவர்களோடு சேர்ந்தார்கள். அப்படித்தான் புரசைவாக்கத்தில் லுத்தரன் சபை வேர்விட்டது. அடைக்கலநாதர் ஆலயம் அந்தச் சபையின் கோயில்.

ஆங்கிலிக்கன்கள் கொதித்துப்போனார்கள். எங்கள் தொழுவத்து ஆடுகளைத் திருடுகிறார்கள் என்றார்கள். 1850இல் சென்னை மிஷனரி மாநாடு கூடி, சாதியை விடாதவர்களைச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் போட்டது. விட்டதற்கு அடையாளமாக மற்ற சாதியார் சமைத்ததைச் சேர்ந்து சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்றும் வைத்தது. சென்னையில் வேலைசெய்த சீர்திருத்த மிஷன்கள் எல்லாம் அதில் சேர்ந்தன, லைப்சிக் மட்டும் சேரவில்லை. லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் அதே சமயத்தில் தமிழ்நாட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். தமிழ் இலக்கியத்தை ஆழமாகப் படித்தவர். சாதி என்பது சட்டம் போட்டு அறுக்கக்கூடியது அல்ல, சாப்பாட்டுச் சோதனை வைத்து ஒருவனுடைய விசுவாசத்தை அளக்கக்கூடாது என்பது அவர் வாதம். சாப்பாட்டுச் சோதனை பற்றி அவர் சொன்னதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஒருவரை அவமானப்படுத்தி மனம் மாற்ற முடியாது. ஆனால் அந்தப் பெருந்தன்மையின் பலன் யாருக்குப் போனது என்று பார்த்தால், பழையபடி வேளாளருக்குத்தான்.

லைப்சிக் மிஷனுக்குள்ளேயே இதை ஏற்காதவர்கள் இருந்தார்கள். கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி இந்த விஷயத்தில் சண்டைபோட்டுப் பிரிந்து, கடலூர்ப் பக்கம் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியாக வேலைசெய்தார். பிறகு டேனிஷ் மிஷனோடு சேர்ந்தார். இன்றைய ஆற்காடு லுத்தரன் சபையின் தொடக்கம் அது. ஆக, "லுத்தரன் என்றால் சாதி பார்ப்பவன்" என்று மொத்தமாகச் சொல்வதும் தவறு. சாதிக்காக லுத்தரனானவர்களும் உண்டு, சாதியை எதிர்த்து லுத்தரன்களிடமிருந்து பிரிந்த லுத்தரன்களும் உண்டு.

இதற்கிடையில் வேப்பேரியில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அங்கேயும் ஒரு பிரிவு, அது வேறு விதமானது. மிஷன் கோயிலில் ஆங்கில ஆராதனை பெருகிப் பெருகி, தூய மத்தியா ஆலயம் ஆங்கிலம் பேசும் சபையின் கோயிலாக மாறியது. தமிழ்ச் சபைக்குத் தூய பவுல் ஆலயம் எழுந்தது. பேப்ரிசியஸ் தமிழில் பிரசங்கம் செய்து வளர்த்த இடம் தமிழ்ச் சபையின் கையைவிட்டுப் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. சாதிச் சண்டையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கத்தோலிக்கர், பிறகு தமிழ் லுத்தரன்கள், பிறகு தமிழ் ஆங்கிலிக்கன்கள் என்று அந்த வளாகத்தை விட்டுப்போனவர்களை வரிசைப்படுத்தினால், போவது சிலருக்குச் சொந்த முடிவு, சிலருக்கு இல்லை என்பது தெரியும்.

இருந்த பறையர் குடும்பங்களும் லேசுப்பட்ட காரியம் செய்யவில்லை. 1833க்குப் பிறகு பள்ளி ஆசிரியர், உபதேசியார் என்று எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் பலர் ஒரே சமயத்தில் வெளியேறிவிட்ட சபை அது. அதைத் தாங்கி நடத்தியவர்கள் அவர்கள். வேதநாயகம் சாஸ்திரியார் மாதிரி அவர்கள் பக்கத்தில் எழுதிவைக்க ஒரு கவிராயர் இல்லை. மிஷனரிகளின் அறிக்கைகளில் அவர்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள், ஆளாக வருவது அபூர்வம். அதற்காக அவர்களுக்குக் கருத்து இல்லை என்று ஆகிவிடாது. ஒவ்வொரு ஞாயிறும் வந்து உட்கார்ந்ததுதான் அவர்கள் சொன்ன கருத்து.

பிந்தைய வரலாறு சுருக்கமாக. லைப்சிக் மிஷன் சபைகள் முதல் உலகப்போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்ட பிறகு சுவீடன் மிஷனின் பொறுப்பில் வந்து, 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆனது. வேப்பேரிச் சபைகள் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபைக்குள் போயின. லுத்தரன்கள் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. திருவிருந்து பற்றிய கோட்பாடும் பேராயர் அதிகாரமும் காரணமாகச் சொல்லப்பட்டன, பல வருடம் பேச்சுவார்த்தையும் நடந்தது. இந்த மிஷன் வேலிகளே வேண்டாம் என்று 1886இல் டாக்டர் பழனி ஆண்டி சென்னையிலேயே ஒரு தேசிய சபையைத் தொடங்கிப் பார்த்தார். அது நிலைக்கவில்லை, ஆனால் வெள்ளைக்காரர் போட்ட பிரிவினைகளில் நாம் ஏன் குடியிருக்கவேண்டும் என்று அவர் கேட்டது நல்ல கேள்வி.

இனி உங்கள் குடும்ப விஷயம். அண்ணன் வேப்பேரியில் நின்றுவிட்டார், தம்பி புரசைவாக்கம் போனார் என்றால் அதைப் புரிந்துகொள்ள இரண்டு வழி இருக்கிறது. மிஷன் பள்ளியிலோ அச்சகத்திலோ வேலை பார்த்தவர்களுக்கு வெளியேறுவது என்றால் சம்பளத்தை விடுவது. சொந்தத் தொழிலோ கம்பெனி உத்தியோகமோ இருந்தவர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. கூடப்பிறந்தவர்கள் இப்படிப் பிரிந்ததற்கு வயிற்றுப்பாடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இன்னொன்று பெண் எடுத்த வீடு. எந்தச் சபையில் சம்பந்தம் செய்தார்களோ அந்தச் சபைக்கு ஒரு கிளை சாய்வது நம் ஊரில் சாதாரணம். அதனால் தம்பி சாதிக்காகப் போனவர், அண்ணன் சமத்துவத்துக்காக நின்றவர் என்று ஆதாரம் இல்லாமல் முடிவு கட்டாதீர்கள்.

பதிவேடுகளைத் தேடுவதாக இருந்தால் இரண்டு கோயில்களின் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளையும் பாருங்கள், அந்தந்த ஆயரிடம் முன்கூட்டி எழுதிக் கேட்பது நல்லது. லுத்தரன் பக்கத்துப் பழைய ஆவணங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் உள்ள குருகுல் இறையியல் கல்லூரியின் காப்பகத்தைக் கேட்டுப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு வேப்பேரி பற்றிய மிஷனரி கடிதங்கள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் பிராங்கே நிறுவனத்தில் பத்திரமாக இருக்கின்றன. பதிவில் பெயரை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஞானஸ்நானத்துக்கு ஞானப்பெற்றோராக நின்றவர்கள் யார், கல்யாணத்துக்குச் சாட்சி யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1833க்கு முன்னும் பின்னும் அந்தப் பெயர்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்தால் உங்கள் குடும்பம் யாரோடு உறவு வைத்தது, யாரோடு முறித்துக்கொண்டது என்பது தெரியும். பெயருக்குப் பின்னால் பிள்ளை, முதலி என்று இருப்பதை மட்டும் வைத்துச் சாதியை முடிவுசெய்ய வேண்டாம். அந்தப் பட்டங்களைப் பலரும் வைத்துக்கொண்டார்கள், மிஷன் குமாஸ்தாக்களும் தோன்றியபடி எழுதினார்கள்.

வீட்டில் பேசும்போது மூன்று பெரியவர்களையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். வேதபுத்தகம் மாறியதால் போனோம் என்கிறவரிடம், அந்தச் சமயத்தில் யாரெல்லாம் போகாமல் நின்றார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.